பதினைந்து வாட்

முதலில் போனது கொத்தமல்லி.
விறைத்துப் போய், தொட்டதும் நொறுங்கியது.
அடுத்து தயிர்.
கரண்டி இறங்கவில்லை, வளைந்தது.
மூன்றாம் நாள் இரண்டு முட்டைகள்
யாரும் தொடாமலே வெடித்துக் கிடந்தன.

வெளியே கத்தரி வெயில்.
பெரியார் நிலையத்தில் பஸ் கம்பியைப் பிடித்தால்
கைரேகை மிஞ்சாது.
இந்த ஊரில், இந்த மாதத்தில்,
என் வீட்டு ஃப்ரிட்ஜ் ரொம்பக் குளிருது என்று
யாரிடம் போய்ச் சொல்ல?
டிரைவர் மொக்கராசு ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார்.
"பேசாம அதுக்குள்ள போயிப் படுத்துக்கப்பா."

நான்காம் நாள் சிரிப்பு நின்றது.
கதவுத் தட்டில் ஒச்சம்மாவின் இன்சுலின் பேனா.
வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வெள்ளையாய் நூலாம்படை.
மருந்துக்கடைப் பெண்
"உறைஞ்சிருச்சுண்ணே, உருகுனாலும் போடக்கூடாது" என்று
குப்பைக்கூடையைக் காலால் நகர்த்தினாள்.

ஒச்சம்மா ஒன்றும் சொல்லவில்லை.
தம்பி கருத்தக்கண்ணனின் ஆட்டோ லோனுக்கு
நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டதிலிருந்து
பதினோரு நாளாக எதுவும் சொல்வதில்லை.
சோறு மூடி இருக்கும். சொம்பில் தண்ணீர் இருக்கும்.
புதுப் பேனாவை
ஈரத்துணி சுற்றிய மண்சட்டியில் வைத்துக்கொண்டாள்.
என் ஃப்ரிட்ஜை அவள் நம்பவில்லை.

குமிழை நாலிலிருந்து ஒன்றுக்குத் திருப்பினேன்.
விடிந்தால் வெள்ளரிக்காய் விறகுக்கட்டை.
மேலூர் டிக்கெட் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி
இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.
ரப்பர் நல்ல பிடி.
வீட்டிலிருந்த தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன்.
காய்ச்சல் பார்க்கிறது அது.
தொண்ணூற்று நாலுக்குக் கீழே
அதற்கு உலகமே இல்லை.

டூட்டி முடிந்து வந்து
நெல்பேட்டை ஜபருல்லாவுக்குப் போன் போட்டேன்.
"மோட்டார் நிக்குதாண்ணே?"
எங்கே நிற்கிறது,
மேட்டில் ஏறும் லோடு லாரி மாதிரி ஒரே இரைச்சல்.
"அப்ப அது இன்னும் சூடா இருக்குன்னு நெனைக்குது.
போன வீடியோல போட்டு உள்ள வச்சு,
கதவச் சாத்திட்டுப் பாருங்க."

ஐந்து நிமிடம் சாத்தினேன்.
அதுவரை தகட்டில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

வீடியோவில் கதவு மூடுகிறது.
இருட்ட வேண்டும்.
இருட்டவில்லை.
மாவுச்சட்டிக்கு மேலே, யாரும் பார்க்காத நேரத்திலும்,
மஞ்சளாக எரிந்துகொண்டே இருக்கிறது பல்பு.
கதவு அமுக்க வேண்டிய பொத்தானுக்குத் தலை இல்லை.
குளிரை அளக்கிற செம்புக்குழாய்
கிளிப்பிலிருந்து நழுவி,
பல்போடு ஒட்டி உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டு,
ஐயோ வேகுதே வேகுதே என்று
நாளெல்லாம் மோட்டாரை விரட்டியிருக்கிறது.

வீடியோவில் சத்தமும் உண்டு.
மூன்றாவது நிமிடம்.
இரைச்சலுக்கு அடியில்,
கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒச்சம்மா.
"சாப்ட்டாச்சா?"
பதில் இல்லை.
"ஒங்களத்தான்."
பதில் இல்லை.
பிறகு தட்டைக் கவிழ்த்து வைக்கும் சத்தம்.

அதையே மூன்று முறை போட்டுக் கேட்டேன்.

பல்பைக் கழற்றினேன். சுட்டது.
குழாயை அதன் இடத்தில் மாட்டினேன்.
இருபது நிமிடம் கழித்து மோட்டார் நின்றதும்
எல்லீஸ் நகர் முழுவதும் ஒரே நேரத்தில் கேட்டது,
மாடிவீட்டுத் தொட்டில் கிறீச்சிடுவது உட்பட.

"சாப்பிடல" என்றேன்,
அவள் கேட்டு முக்கால் மணி நேரம் ஆன பிறகு.

ஜாமீனைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. கேட்பாள்.
இப்போதைக்கு, தட்டை நிமிர்த்தியபடி,
"ஊறுகாய எடுங்க" என்றாள்.

இருட்டுக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
மாவு. புளி. ஏதோ ஈரமாக, பெயர் தெரியாமல்.

"அங்கிட்டு இல்ல," என்றாள் முதுகுக்குப் பின்னால்.
"இங்கிட்டு."